தடுத்தும் கேளாமல்

கம்பெனியின் விசாரணை அதிகாரி விபத்துக் கோப்பை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்த வரி என்னுடையது. அப்பாவின் வாக்குமூலம், அப்பாவின் கையெழுத்து, ஆனால் வரி என்னுடையதுதான். "தடுத்தும் கேளாமல், தன் உயிரைத் துச்சமென மதித்து, தன்னந்தனியாக உள்ளே புகுந்தார்." பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் தெரிவதுபோலத் தெரிந்தது. அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரொம்ப நல்லா எழுதியிருக்கும்மா. படிச்சப்போ எனக்கே கண் கலங்கிடுச்சு. அதனாலதான் இப்ப ஒண்ணும் பண்ண முடியல" என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். வாயுக் கசிவு ஏற்பட்டால் ஷிஃப்ட் பொறுப்பாளரின் உத்தரவு இல்லாமல் யாரும் இயந்திர அறைக்குள் போகக்கூடாது. உத்தரவின்பேரில் போனவருக்கு ஏதாவது நேர்ந்தால் அது கம்பெனியின் பொறுப்பு. பொறுப்பாளர் தடுத்தும் கேளாமல் போயிருந்தால் அது போனவரின் சொந்தப் பொறுப்பு. இறந்தவரின் மனைவிக்கு நஷ்டஈடும் கிடையாது, அவர்கள் இருக்கும் குடியிருப்பையும் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

"சார், அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினது" என்றேன்.

"அப்ப உங்கப்பா தடுக்கலையா?"

நான் அப்பாவிடம் அதைக் கேட்டதே இல்லை.

அதிகாரி காத்திருந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "வேற வாக்குமூலம் கொடுத்தா வாங்கிக்கறேம்மா. திங்கக்கிழமை அஞ்சு மணிக்குக் கோப்பு மேல போயிடும், அதுக்குள்ள கொடுக்கணும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு வாக்குமூலம் இருந்தா முதல்ல கொடுத்ததுதான் உண்மைன்னு மேல சொல்லுவாங்க. ரெண்டாவதைக் காட்டி உங்கப்பா மேல நடவடிக்கையும் எடுப்பாங்க. அந்தம்மாவுக்கும் கிடைக்காம, இவருக்கும் இல்லாம போகலாம். யோசிச்சுக்குங்க." பிறகு என்ன நினைத்தாரோ, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

அப்பா வேலை பார்ப்பது பட்டாணி, சோளம், காரட் போன்றவற்றை உறைய வைத்து மூட்டை கட்டி அனுப்பும் தொழிற்சாலை. அந்தக் குளிர் அம்மோனியா என்கிற வாயுவால் உண்டாவது. குழாய்க்குள் இருக்கும்வரை சாது, வெளியே வந்தால் எமன். நாற்பது நாளைக்கு முன் ஒரு பகலில் அந்தக் குழாய் ஒன்று பிளந்துகொண்டது. மாடியில் மூட்டை கட்டும் கூடத்தில் இருபது பெண்கள் இருந்தார்கள். அப்பாதான் ஷிஃப்ட் பொறுப்பாளர். அவரோடு இருந்தவர் அவருடைய உதவியாளர், எல்லோரும் ஒட்டடை என்று கூப்பிடும் ஆள். ஏணி போடாமலே உத்தரத்தைத் துடைக்கிற உயரம், ஒட்டடைக் குச்சி மாதிரியே உடம்பு. பத்தொன்பது வருடமாக அப்பாவை 'அண்ணே' என்றுதான் அழைத்தார், அதனால் எனக்குச் சித்தப்பா. சித்தப்பா முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பிரதான வால்வை மூடினார். இருபது பெண்களும் பத்திரமாக வெளியே வந்தார்கள். அவர் வரவில்லை.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். அதைத் தொழில் என்று அம்மா ஒப்புக்கொள்வதில்லை. ஏழு வருடமாகச் 'சரித்திரப் போர் நாவல்களில் மானமும் வீரமும்' என்ற தலைப்பில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறேன். வீட்டில் எனக்கு டாக்டரம்மா என்று பெயர், தலைவலி மாத்திரை கேட்கக்கூட என்னிடம்தான் வருவார்கள். அறுபத்திரண்டு நாவல்களைப் படித்து, ஒரு சாவுக்கு ஓர் அட்டை என்று எழுதி வைத்திருக்கிறேன். காயம் மார்பிலா முதுகிலா, பார்த்தவர் யார், தடுத்தவர் யார், கடைசிச் சொல் என்ன, அதைப் பிறகு ஊருக்குச் சொன்னவர் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். இருநூற்றுப் பதினாலு பேர் என் பெட்டியில் செத்துக் கிடக்கிறார்கள். அதில் நூற்று முப்பத்தேழு பேர் தடுத்தும் கேளாமல் போனவர்கள். தளபதி கையைப் பிடிப்பான், அரசன் ஆணையிடுவான், வீரன் உதறிவிட்டுக் குதிரையைத் தட்டுவான். இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்த அத்தியாயத்தை என் நெறியாளரிடம் கொடுத்தபோது, ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார்: 'இதனால் தடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது?' அந்த அம்மாள் பேச்சில் கஞ்சம். நான் மன்னனின் கருணை, குடிகள் மேல் அவன் வைத்த அன்பு என்று இரண்டு பக்கம் சேர்த்துக் கொடுத்தேன். அதன் ஓரத்தில் வெறும் கேள்விக்குறி போட்டு வந்தது. வயதாகிவிட்டது, சலித்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

விபத்து நடந்த மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. 'நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்று மேலே அச்சடித்து, கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். குளிக்கவில்லை. மூக்கின் ஓரம் இன்னும் சிவந்திருந்தது. "அவன் உள்ள போனான்மா. வால்வை மூடினான். திரும்பி வரல. இதுக்கு மேல எனக்கு எழுத வரல. நீயே எழுதிடும்மா, உனக்குத்தான் இதெல்லாம் கைவந்த கலையாச்சே" என்றார். நான் இருபது நிமிடத்தில் எழுதினேன். எழுதும்போது அழுதேன் என்பது உண்மை. எழுதுவது நன்றாக வருகிறது என்று மனசின் ஒரு மூலையில் சந்தோஷப்பட்டேன் என்பதும் உண்மை. வாசித்துக் காட்டியபோது அந்த வரியில் அப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

இரங்கல் கூட்டத்தில் மேலாளர் அதை மைக்கில் வாசித்தார். மூட்டை கட்டும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். சித்தி அதன் நகலைக் கேட்டு வாங்கிக் கண்ணாடித்தாள் ஒட்டிச் சுவரில் மாட்டினாள். அவளுடைய பெரிய மகள் அதை மனப்பாடமாகப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தாள். நான் எழுதியதிலேயே இத்தனை பேர் படித்தது அது ஒன்றுதான். பிறகு, நாலு நாளைக்கு முன், சித்தி ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "நீ படிச்ச பொண்ணு. இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு, எனக்கு ஒரு எழவும் புரியல." படித்தேன். எனக்குப் புரிந்தது. கம்பெனியில் போய்க் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். அதற்காகத்தான் அதிகாரியிடம் போனேன்.

அதிகாரியிடமிருந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா குளியலறைக் குழாயைக் கழற்றிப்போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு வீட்டில் ஒழுகாத குழாயைக்கூட அவர் விட்டு வைக்கவில்லை. அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அப்பா, நீங்க சித்தப்பாவைத் தடுத்தீங்களா?"

அவர் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. "நீதானே எழுதினே" என்றார்.

"நான் எழுதினேன். நீங்க தடுத்தீங்களா?"

"இல்ல." திருகாணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான்தான் போகச் சொன்னேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் போயாகணும், மேல அத்தனை பொண்ணுங்க. நான்தான் போயிருக்கணும். என் கால் நகரலம்மா. நகருன்னு சொல்றேன், நகரல. போடான்னு அவனைச் சொன்னேன்."

"முகமூடி?"

"அதோட வடிகட்டி டப்பா காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆச்சு. எழுதி எழுதிக் கேட்டோம், மாத்தல. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அவர்மேல் கோபமா என் மேலா என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியவில்லை. "ஏம்ப்பா கையெழுத்துப் போட்டீங்க?" என்றேன். அப்பா முதல்முறையாக என்னைப் பார்த்தார். "நீ படிக்கும்போது நெஜம் மாதிரியே இருந்துச்சும்மா. கொஞ்ச நேரம் நான் தடுத்தேன்னே நெனச்சுட்டேன். அவன் கையைப் பிடிச்ச மாதிரிகூட இருந்துச்சு." சொல்லிவிட்டு வாஷரை உள்ளே வைத்துத் திருகினார். மரை ஏறவில்லை. திரும்பக் கழற்றித் திருகினார்.

நெறியாளர் கேட்ட கேள்விக்கு என் வீட்டுக் குளியலறை வாசலில் பதில் கிடைத்தது. தடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது? கை சுத்தமாகிறது. அனுப்பியவன் தடுத்தவனாகி, செத்தவன் தானாகப் போனவனாகிறான். நூற்று முப்பத்தேழு அட்டை எழுதியும் எனக்கு இது உறைக்கவில்லை. அழகாக இருக்கிறதே என்று அதையே எடுத்து அப்பாவுக்குப் போர்த்தினேன். அப்பாவை எந்த அட்டையில் வைப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. புறமுதுகிட்டவர்களுக்குக்கூட என்னிடம் ஒரு கட்டு உண்டு. கால் நகராமல் நின்ற இடத்திலேயே நின்றவர்களுக்கு ஓர் அட்டைகூட இல்லை.

மடித்த துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு அம்மா பேசினாள். "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதுன்னு சொல்லுவாங்க. உன் சுரைக்கா உதவாட்டியும் பரவால்லடி, ஊரையே சாகடிச்சிடும் போலிருக்கு." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "ரிட்டையராக இன்னும் பதினோரு மாசம் இருக்கு. இப்பப் போயி நான்தான் அனுப்பினேன்னா போலீசு வரும். செத்தவர் திரும்பி வரப்போறாரா? உள்ளதையும் கெடுத்துக்காதீங்க." அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. விபத்து நடந்த நாளிலிருந்து தினமும் சித்தி வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துப் போனவள் அவள்தான். இப்போதும் இதைச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் அந்தத் தூக்குப் பாத்திரத்தைத்தான் கழுவினாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்பா வாய் திறக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எப்படி வற்புறுத்துவது? உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? சொன்னாலும் சித்திக்கு ஏதாவது கிடைக்கும் என்று உறுதி இருந்தால் காலில் விழுந்தாவது கேட்டிருப்பேன். அதுவும் இல்லை. மனசுக்குள் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். சொன்னால் ஒரு குடும்பம் போகலாம், இரண்டும் போகலாம். சொல்லாவிட்டால் ஒன்று நிச்சயம் போகும். என் பெட்டியிலிருக்கும் தளபதிகள் யாரும் இப்படி ஒரு கூட்டல் கழித்தலில் மாட்டிக்கொண்டதாக நினைவில்லை. அவர்களுக்கு எப்போதும் முரசு ஒலிக்கும், முடிவு தெரியும்.

திங்கள் மதியம் அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார். வேலைக்குப் போகிற சட்டையைப் போட்டிருந்தார். "எழுதும்மா. உன் பாணியில வேண்டாம்" என்றார்.

மூன்று வாக்கியம் எழுதினேன். இயந்திர அறைக்குள் செல்லும்படி நான்தான் அவருக்கு உத்தரவிட்டேன். முகமூடியின் வடிகட்டி காலாவதியானது எனக்குத் தெரியும். முன்பு நான் கொடுத்த வாக்குமூலத்தில் அவரைத் தடுத்ததாகச் சொன்னது உண்மை அல்ல. அப்பா வாசித்தார். நான்காவதாக ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தவர்போல, கடைசி வரியை ஒட்டிக் கீழே இடமே விடாமல் கையெழுத்துப் போட்டார். அம்மா அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். செருப்பு மாட்டும்போது, "அவகிட்ட முதல்ல சொல்லணும். ஆபீஸ் மூலமா அவளுக்குத் தெரியக்கூடாது" என்றார் அப்பா. மணி மூன்றே கால்.

சித்தியின் குடியிருப்பு இரண்டாவது மாடி. படியேறுவதற்குள் அப்பா இரண்டு இடத்தில் நின்றார். கதவைத் திறந்த சித்தி அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கண்ணே, சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றாள். அந்த மலர்ச்சி எனக்குத் தாங்கவில்லை. முன்னறையில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, கொடியில் சீருடைகள். சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் என் எழுத்து கண்ணாடித்தாளுக்குள் பளபளத்தது. காற்றாடி சுற்றும்போதெல்லாம் அதன் கீழ் ஓரம் சுவரில் தட்டி டப் டப் என்றது. அப்பா உட்காரவில்லை. நின்றபடியே, தரையைப் பார்த்தபடியே, என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார். கால் நகராததையும் சொன்னார். வெறும் தகவல் சொல்கிற குரலில்தான் சொன்னார். அவர் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்ததைப் பின்னால் நின்ற நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தி கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டுவாள், வெளியே போகச் சொல்வாள், அடித்தால்கூட அப்பா வாங்கிக்கொள்வார் என்றெல்லாம் நினைத்தேன். எதுவும் நடக்கவில்லை. நான் காகிதத்தை நீட்டினேன். "இதை இப்பப் போய்க் கொடுக்கப் போறோம் சித்தி. அவங்க ஏத்துப்பாங்களான்னு தெரியல. உங்களுக்குக் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியல." அவள் அதை வாங்கி மூன்று வாக்கியத்தையும் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். பிறகு அப்பாவிடம் கேட்டாள்.

"நீங்க போன்னு சொன்னதும் அவரு என்ன சொன்னாரு?"

அப்பா கொடியில் கிடந்த சீருடைகளைப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே. சரின்னு சொன்னாரா?"

"போக மாட்டேன்னுதாம்மா சொன்னான்." அப்பாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "'அண்ணே, நான் போகலண்ணே. வேற யாரையாவது அனுப்புங்கண்ணே'ன்னான். வேற யாரு இருந்தா அங்க? போடான்னு கத்தினேன்."

இது எனக்கும் புதிது. இதை அப்பா என்னிடம் சொல்லவில்லை. நான் சுவரைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டேன். உயிரைத் துச்சமென மதித்தவர் என்று எழுதினேனே, அந்த மனுஷன் கெஞ்சியிருக்கிறார். ஆனால் சித்தியின் முகத்தில் நான் எதிர்பார்த்த இடி விழவில்லை. அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவள்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போக மாட்டேன்னு சொன்னாரா?"

"ஆமாம்மா."

"அப்ப வீட்டுக்கு வரணும்னு நெனச்சிருக்காரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாற்பது நாளா அந்தாள்கிட்ட நான் பேசறதே இல்ல. படத்தைப் பார்த்தாலே கோவம் கோவமா வரும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குன்னு நெனப்பு இல்லாம, யாரு தடுத்தும் கேக்காம, என்ன பெரிய இதுன்னு போனான்னு. அதைப் படிச்சுப் படிச்சு எல்லாரும் அழுவாங்க. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவள் காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல அது இல்லையே. போக மாட்டேன்னு சொன்னது."

"இல்ல சித்தி."

"எழுது."

பேனாவை எடுத்தேன். கடைசி வரிக்கும் அப்பாவின் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு நூல் இடம்கூட இல்லை. ஓரத்தில் எழுதலாமா, பின்பக்கம் எழுதினால் செல்லுமா, புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்க நேரம் இருக்கிறதா என்று ஏதேதோ யோசித்தேன். நான்கு மணி தாண்டிவிட்டது. அதிகாரிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாக இருக்காது என்றும் தெரியும். சித்தியோ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில், சாய்த்து, அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதினேன். "ஒரு தடவைதான் சொன்னாராப்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை." அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாவது வாயால சொல்லல. அதுக்குள்ள முகமூடிய மாட்டிட்டான். பேச முடியாது. கதவுகிட்ட போயி திரும்பி நின்னு தலைய மட்டும் ஆட்டினான்."

"எப்படி?" என்றாள் சித்தி.

அப்பாவுக்குப் புரியவில்லை.

"எப்படி ஆட்டினாரு? காட்டுங்கண்ணே."

அப்பா என்னைப் பார்த்தார். என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, மருந்து வேண்டாமென்கிற குழந்தையைப்போல, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சின்னச் சின்னதாக ஆட்டினார். சித்தி கட்டிலை விட்டு எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள். கண் இமைக்காமல் பார்த்தாள். போதும் என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பேனா முனை காகிதத்தின் ஓரத்தில் நின்று மை ஊறிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.